பட்டத்துக்குப் பின் வரும் ஆண்டுகள்

(கேமரன் மலை, தானா ராத்தாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்வி அறக்கட்டளை மேடைகளில் நாம் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்களுக்குப் பரிசு கொடுப்போம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு முதல் தவணைக் கட்டணம் கொடுப்போம். எப்போதாவது தோட்டத்துப் பிள்ளை ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டால் பொன்னாடை போர்த்தி, நாளிதழில் படம் போட்டு, இனி அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடுவோம். அந்தப் பொன்னாடைக்கு மறுநாள் தொடங்கும் காலத்தைப் பற்றித்தான் நான் இன்று பேசப் போகிறேன். தமிழில் இதை முனைவர் பட்ட மேலாய்வு என்கிறோம். ஆய்வுக்கூடங்களில் எல்லோரும் போஸ்ட்டாக் என்றே சொல்கிறார்கள். பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் இடையிலுள்ள இரண்டு, மூன்று, சில சமயம் ஏழெட்டு ஆண்டுகள். நம் பிள்ளைகளை நாம் கைவிடுவது பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை இந்த மலையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமரன் மலையின் நவீன வரலாறு ஆய்வில் தொடங்கியது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் குறித்துவைத்தார். 1920களின் நடுவில் அரசு இங்கே வேளாண் பரிசோதனை நிலையம் அமைத்து, குளிர்ந்த மலையில் எந்தப் பயிர் வரும் என்று பார்த்தது. தோட்டங்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணையாக நின்றவர் இலங்கைத் தேயிலையில் பழுத்த அனுபவம் கொண்ட ஏ. பி. மில்ன். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. தேயிலை பற்றிய அறிவு இலங்கையிலிருந்து ஒருவரோடு வந்தது. உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து பலரோடு வந்தது.

இலங்கையிலும் இந்தியாவிலும் அந்த அறிவைத் தொடர்ந்து வளர்க்க நிறுவனங்கள் எழுந்தன. அசாமில் தொக்லாய் நிலையம் 1911இல், இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல். தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று வால்பாறையில் இருக்கிறது. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே ஆண்டில் தாக்கியபோது அதை எதிர்கொள்ள ஆய்வாளர்கள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். செம்பு கலந்த மருந்தை எப்போது, எந்த அளவில் தெளிப்பது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். இலங்கையில் டிஆர்ஐ 2025, தென்னிந்தியாவில் உபாசி 9 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் தேயிலை வகைகளும் அப்படிப்பட்ட நீண்ட பொறுமையின் விளைவே. அந்த வேலையில் கணிசமான பங்கு, பட்டம் முடித்துவிட்டு இன்னும் பெயர் பெறாத இளைஞர்களுடையது. எந்த ஆய்வு நிலையத்துக்குப் போனாலும் காலையில் முதலில் விளக்கைப் போடுபவர் அவர்களில் ஒருவர்தான். இந்த ஊரிலும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் நிலையம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே ஆய்வாளராகலாம் என்று தோன்றியிருக்கும்?

மேலாய்வுக் காலம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். சாரா பெஸ்கி டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்து 2012இல் முனைவரானார். உடனே அவருக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் குழுமத்தில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டுகளில், 2014இல், அவருடைய ஆய்வு புத்தகமாக வந்தது. அடுத்து கொல்கத்தா ஏலச் சந்தையில் தேயிலையின் தரம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்ற புதிய கேள்விக்கு அவர் நகர்ந்தார். இன்னொருவர் சுனில் அம்ரித். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் 2004 முதல் 2006 வரை ஆய்வு நல்கை பெற்றிருந்தார். 2006இல் பொதுச் சுகாதார வரலாறு பற்றிய முதல் நூல் வந்தது. 2013இல் வங்காள விரிகுடாவைக் கடந்து போன மக்களைப் பற்றிய பெரிய நூலை எழுதினார். நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய கதையை உலகம் படிக்கும் இடத்தில் வைத்த நூல்களில் அது முதன்மையானது.

இருவருக்கும் அறிவு இருந்தது, உழைப்பும் இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் பட்டம் கிடைத்த கையோடு வாடகை, சாப்பாடு, நூலகம் மூன்றையும் யாரோ ஏற்றுக்கொண்டார்கள். அதனால் அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது.

நம் ஆய்வாளர்களுக்கு நடப்பது வேறு. என்னிடம் ஆய்வு செய்த ஒரு பெண், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பட்டம் பெற்ற மறுமாதமே ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்தார். தம்பியின் படிப்புக் கடனை அவர்தான் அடைக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு இருபது மணிநேரத்துக்கும் மேல் வகுப்பு. இரவில் தாள் திருத்தல். அவர் ஆய்வேடு நல்ல நூலாகியிருக்க வேண்டியது. இரண்டு முறை திருத்த உட்கார்ந்தார், முடியவில்லை. ஐந்தாண்டு கழித்து ஒரு நல்ல மேலாய்வு அழைப்பு வந்தபோது, பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை அவர் தாண்டிவிட்டிருந்தார்.

அந்த வரம்புகளை இங்குள்ள இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, மேலாய்வு நிலையில் விண்ணப்பிப்பவர் பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 6 முதல் 24 மாதம் வரை நல்கை தருகிறது. ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டுக் கழகமான ஜேஎஸ்பிஎஸ் தரும் நல்கைக்கு வரம்பு 6 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லொடொவ்ஸ்கா கியூரி நல்கைக்கு 8 ஆண்டு. எந்த நாட்டவரும் ஐரோப்பாவுக்குப் போக விண்ணப்பிக்கலாம். பிள்ளைப்பேறு போன்ற இடைவெளிகளைக் கழித்துக் கணக்கிடுவார்கள். அழைப்பு வழக்கமாக ஏப்ரல் வாக்கில் திறந்து செப்டம்பரில் மூடும். இந்தியக் குடிமக்களுக்கான தேசிய மேலாய்வு நல்கையில் வயது வரம்பு 35. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் தளர்வு உண்டு. தமிழியலில் இருப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகை இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆய்வு நிறுவனமும், நெதர்லாந்தின் லெய்டனிலுள்ள ஆசிய ஆய்வுகளுக்கான பன்னாட்டு நிறுவனமும் நம் போன்ற பொருள்களை ஆராய்பவர்களை வரவேற்கும் இடங்கள். நம் நாட்டின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களும் தத்தம் மேலாய்வுப் பணியிடங்களை அறிவிக்கின்றன.

மலேசிய அரசு 2011இல் தொடங்கிய மைபிரெய்ன்15 திட்டம் 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்ற இலக்கை முன்வைத்தது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அதனால் படித்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால் எத்தனை பேருக்குப் பட்டம் என்று எண்ணிய அளவு, பட்டம் பெற்றவர் அடுத்து எங்கே உட்கார்ந்து எழுதுவார் என்று எந்த நாடும் எண்ணவில்லை. பிரிட்டனில் ஆய்வாளர் நலனுக்காகப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை 2019இல் திருத்தப்பட்டபோது, மேலாய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தம் தொழில் வளர்ச்சிக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுதினார்கள். வெறும் 10 நாள்தான். அதைக்கூட எழுதி வாங்க வேண்டியிருந்தது.

நான் சொன்ன வெளிநாட்டு நல்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது நிபந்தனை உண்டு. அங்கே இருக்கும் பேராசிரியர் ஒருவர், 'இவர் என்னிடம் வரட்டும்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எழுத்தையாவது படித்திருக்க வேண்டும். பேராசிரியர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த அறிமுகம் சாப்பாட்டு மேசையில் கிடைத்துவிடும். தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அது மாநாட்டு இடைவேளையில்தான் கிடைக்கும். அதனால்தான் மாநாடுகளையும் கருத்தரங்குகளையும் நான் ஆடம்பரமாகப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் தனிநாயகம் அடிகளை நினைக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1913இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவர். ரோமில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, முப்பது வயதைக் கடந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழை முறையாகப் படித்தார். பின்னர் லண்டனில் கல்வியியலில் இன்னொரு முனைவர் பட்டம். பட்டம் அவருக்கு முடிவாக இருந்ததே இல்லை. ஐரோப்பிய நூலகங்களைத் தேடித் தேடிப் போனார். போர்த்துகீசியர் காலத்துத் தமிழ் அச்சு நூல்களை அறிவுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ் போர்த்துகீசிய அகராதி 1679இல் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கொண்டு அதை மறுபதிப்பாக அடிகள் வெளியிட்டது எங்கே தெரியுமா? நம் கோலாலம்பூரில், 1966இல்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அடிகள் 1961இல் வந்து அந்தத் துறையை நடத்தினார். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, அதற்கு வந்திருந்தவர்களை ஓர் அறையில் அமரவைத்து அடிகளும் சக அறிஞர்களும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார்கள். புதிதாக யாரையும் பயணச் செலவு கொடுத்து அழைக்கவில்லை. ஏற்கெனவே கூடியிருந்தவர்களிடையே இன்னொரு கூட்டம், அவ்வளவுதான். இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். பின்னர் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அந்த மாநாட்டுக்குக் கோலாலம்பூர் இடம் கொடுத்தது.

அந்த மாநாடுகளின் திறப்பு விழாக்களும் ஊர்வலங்களும் நமக்கு நினைவிருக்கின்றன. எனக்கு அவற்றில் மிக முக்கியமாகப் படுவது பிற்பகல் அமர்வுகள். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் சிறிய அறையில், பெயர் தெரியாத இளைஞர் ஒருவர் பதினைந்து நிமிடம் கட்டுரை படிக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த அறிஞர் எழுந்து, 'இந்த ஆவணம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?' என்று கேட்கிறார். மேலாய்வு வாய்ப்பு பிறக்கும் கணம் அதுவே. நம் சங்கங்கள் மாநாட்டுக்குப் பேருந்து நிறையப் பார்வையாளர்களை அனுப்புகின்றன. கட்டுரை படிக்கப் போகும் ஓர் இளம் ஆய்வாளருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தால் அதன் பலன் பல ஆண்டு நிற்கும்.

தமிழியலுக்கு வெளியிலும் இப்படிப்பட்ட கூடல்கள் உண்டு. சிங்கப்பூரில் 2013 முதல் ஜனவரி மாதத்தில் இளம் அறிவியலாளர் உச்சி மாநாடு நடக்கிறது; நோபல் பரிசு பெற்றவர்களோடு முனைவர் பட்ட மாணவர்களும் மேலாய்வாளர்களும் உட்கார்ந்து பேசலாம். ஜெர்மனியின் லிண்டாவில் 1951 முதல் நடக்கும் கூட்டமும் அத்தகையது. தேயிலை அறிவியலில் இருப்பவர்களுக்கு ஜப்பானின் ஷிசுவோகாவில் 2001இல் தொடங்கிய தேநீர்ப் பண்பாடும் அறிவியலும் பற்றிய பன்னாட்டு மாநாடு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மேலாய்வாளர் சங்கம் ஆண்டுதோறும் செப்டம்பரில் மேலாய்வாளர் பாராட்டு வாரம் நடத்துகிறது. ஒரு வாரமாவது அவர்கள் இருப்பதை உலகம் ஒப்புக்கொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நம் பிள்ளைகள் இங்கிருந்து எங்கே போகலாம் என்பது. இனி, ஆய்வாளர்கள் இங்கே எதற்கு வர வேண்டும் என்று சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்தத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் எப்போது, எந்த வழியாக வந்தார்கள்? எளிய கேள்வியாகத் தெரியும். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். போ தோட்டம் 1929. மறு ஆண்டே உலகப் பொருளாதார மந்தம்; மலாயாவுக்கு ஆள்சேர்ப்பு 1930இல் நின்றது; வேலை இழந்தவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. 1938இல் இந்திய அரசு அதை முழுவதுமாகத் தடை செய்தது. இடையில் கிடைத்தது நான்கே ஆண்டு. அப்படியானால் இந்த மலையை வெட்டித் திருத்தி முதல் செடி நட்டவர்கள் யார்? ஊரிலிருந்து கங்காணி நேராக அழைத்து வந்தவர்களா, பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரப்பர் விலை விழுந்து வேலை இழந்து மேலே ஏறி வந்தவர்களா, தாப்பாவிலிருந்து மலைச்சாலை போட வந்து இங்கேயே தங்கியவர்களா, இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிப் பழகியவர்களா?

ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களைப் பற்றி நம்மிடம் கனமான நூல்கள் இருக்கின்றன. ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்து எழுதிய நூல் 1970இல் வந்தது. கெர்னியல் சிங் சந்துவின் 'மலாயாவில் இந்தியர்கள்' 1969இல் வந்தது. 1786 முதல் 1957 வரையிலான குடியேற்றத்தை அது எண்ணிக்கைகளோடு சொல்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றி மைத்ரி ஜெகதீசனின் நூல் 2019இல் வெளியானது. அவற்றின் அருகில் வைக்கக் கேமரன் மலைத் தமிழர்களைப் பற்றிய நூல் ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதற்கான சான்றுகள் மூன்று நாடுகளில் கிடக்கின்றன. மலாயாவிலிருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்படி எழுந்த தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கெல்லாம் தப்பிப் பிழைத்திருக்கின்றனவோ அங்கெல்லாம் போக வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கணக்கர்களான கிராணிமார் வீடுகளில் பழைய கணக்கேடுகள் இருக்கலாம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் தெரிந்த ஒருவர் முழு நேரமாக இரண்டு ஆண்டு உட்கார வேண்டிய வேலை இது. முனைவர் பட்ட மாணவருக்கு இதன் பரப்பு பெரிது. பேராசிரியருக்கு இதற்கு நேரம் கிடையாது. இது மேலாய்வாளர் செய்ய வேண்டிய வேலை. பாட்டிமாரின் வயதை நினைத்தால் உடனே செய்ய வேண்டிய வேலையும்கூட.

அறிவியலில் இருப்பவர்களுக்கும் இங்கே வேலை காத்திருக்கிறது. பெர்த்தாம் ஆற்றில் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் வந்தது. அதன் ரிங்லெட் நீர்த்தேக்கம் மேட்டு நிலத்திலிருந்து வழிந்து வரும் மண்ணால், நினைத்ததைவிட வெகு சீக்கிரம் தூர்ந்துவிட்டது. 2013 அக்டோபர் 23 அன்று அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட வெள்ளத்தையும் உயிரிழப்பையும் இங்குள்ளவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அடர்ந்து மூடிய தேயிலைச் செடிகளின் கீழே மண் எவ்வளவு நகர்கிறது, காய்கறிச் சரிவிலும் கட்டுமானம் நடக்கும் சரிவிலும் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பருவம் பருவமாக, மழை மழையாக அளக்க வேண்டும். இதற்கும் மலையிலேயே தங்கியிருக்கும் ஆள் தேவை. வாரக்கடைசியில் வந்து போகிறவரால் இரவு இரண்டு மணி மழையை அளக்க முடியாது. கொழுந்து பறிக்கும் கைகளும் மாறிவிட்டன. இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இயந்திரம் பிடித்து அறுக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் லயத்தைவிட்டுப் போனது எப்படி, எங்கே போனார்கள், புதிதாக வந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் உறவு எப்படி இருக்கிறது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான நேரம் வராது. இந்த மலையின் மூத்த குடிகளான செமாய் மக்களின் பார்வையில் தோட்டங்கள் எப்படித் தெரிந்தன என்ற கேள்வியும் அதோடு சேர வேண்டும். அதை அவர்களில் ஒருவரே ஆராய்ந்தால் இன்னும் சிறப்பு.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் பல பேருக்குச் சிறு தொகையாகப் பிரித்துத் தருவதில் ஒரு பகுதியை எடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒரு மேலாய்வாளரை இந்த மலையில் தங்கவைத்து ஆதரியுங்கள். தோட்டக் குடும்பத்தில் பிறந்தவருக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் கதவை எல்லோருக்கும் திறந்து வையுங்கள். பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்ற வரம்பு வேண்டாம். கடன் அடைக்கவும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் ஆண்டுகளைக் கொடுத்தவரை அந்தக் காரணத்துக்காகவே விலக்குவது அநியாயம். பல்கலைக்கழகம் ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நூலக அனுமதியும் வழிகாட்டும் பேராசிரியரும் அதன் பொறுப்பு, தங்க இடமும் மாதத் தொகையும் நம் பொறுப்பு. மே 21 இப்போது ஐநா அறிவித்த பன்னாட்டுத் தேயிலை நாள். அந்த நாளில் தானா ராத்தாவில் ஒரு சிறிய கருத்தரங்கு நடத்தி, வால்பாறையிலிருந்தும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தலவாக்கலையிலிருந்தும் ஒவ்வோர் இளம் ஆய்வாளரை வரவழைக்கலாம்.

இரண்டு நிபந்தனைகளை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பதிவு செய்யும் பேட்டிகளின் ஒரு படி, பேசியவர்களின் ஒப்புதலோடு, இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். ஆய்வின் முடிவு ஆங்கில இதழில் வருவதற்கு முன்போ பின்போ, தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டு இங்குள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும்.

முதல் முறை வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடும் வேலையை நான் ஊதியமில்லாமல் செய்து தருகிறேன். என்னோடு சேர்ந்து படிக்க, தமிழியலில் ஒருவரும் மண்ணியலில் ஒருவரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். எந்த வீட்டைத் தங்குமிடமாகக் கொடுக்கலாம், மாதம் எவ்வளவு வெள்ளி இருந்தால் இந்தக் குளிரில் ஒருவர் கவலையில்லாமல் எழுதலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்தே கலந்துரையாடலைத் தொடங்கலாம்.